சீசன் கூட்டத்தைத் தாங்கும் போட்டோ தளம்

சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டைப் பக்கம் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அருவியில தண்ணி விழுதா? புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகப் பாலருவிக்குப் போகிறவர்களும் இதைத்தான் கேட்பார்கள். இதற்கென்றே உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து போட்டோ பகிரும் தளம் ஒன்று நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மார்ச்சில் பிரச்சினை இல்லாமல் ஓடும். ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சு வாங்கும்.

ஒரு பக்கம் திறக்கும்போது தரவுதளத்திடம் (டேட்டாபேஸ்) போகிற கேள்விகளைப் பாருங்கள்: ஐந்தருவியின் கடைசி 20 படங்கள் எவை, யார் போட்டது, எத்தனை லைக், என்ன கமெண்ட். ஒவ்வொன்றுக்கும் அட்டவணைகளைத் தேடி, ஒன்றோடொன்று பொருத்தி, வரிசைப்படுத்த வேண்டும். ஆயிரம் பேர் கேட்டாலும் பதில் என்னவோ அதேதான், ஆனால் பாவம் அந்தத் தரவுதளம் ஆயிரம் தடவையும் முதலிலிருந்து தேடுகிறது.

அந்தப் பதிலை ஒரு தடவை கண்டுபிடித்து ரேமில், அதாவது கணினியின் வேகமான தற்காலிக நினைவகத்தில், போட்டு வைப்பதுதான் கேஷ். ரேமிலிருந்து எடுக்க சுமார் 100 நானோநொடி. சுழலும் ஹார்ட் டிஸ்கில் இடம் தேடவே 10 மில்லிநொடி வரை ஆகும், அதாவது ஒரு லட்சம் மடங்கு. கேஷ் வேறு சர்வரில் இருந்தால் நெட்வொர்க்கில் போய்வரும் நேரமும் சேரும், அப்போதும் தேடிப் பொருத்தும் வேலை இருக்காது. பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் 2003-ல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக எழுதிய மெம்கேஷ்டு என்ற கேஷ் மென்பொருள் இப்படிப் பிறந்ததுதான். 2009-ல் ரெடிஸ் என்ற இன்னொன்று வந்தது. இரண்டிலும் அடிப்படை எளிது: 'ஐந்தருவி:புதியபடங்கள்' என்று ஒரு சாவி, அதற்கு எதிரே பட எண்களின் பட்டியல்.

கவனியுங்கள், எண்கள்தான், படங்கள் அல்ல. போட்டோக்களையே ரேமில் கொட்டலாமே என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். மெம்கேஷ்டில் ஒரு பொருளின் அளவு, மாற்றாமல் விட்டால், 1 எம்பிக்கு மேல் போகாது. போன் கேமரா படம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். படக் கோப்பைப் பிரவுசரும் சிடிஎன்னும் (கோப்புகளின் நகலைப் பல இடங்களில் உள்ள சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) பார்த்துக்கொள்ளட்டும்.

ரேம் நிறைந்தால் வெகுநேரமாக யாரும் தொடாதது வெளியே போகும், அதில் பெரிய சங்கதி இல்லை. தலைவலி பழைய பதில்தான். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட பிறகும் காலையில் எடுத்த அமைதியான படமே முதலில் நின்றால் எப்படி? அதனால் சாவிக்கு 60 நொடி ஆயுள் கொடுப்பார்கள், புதுப் படம் ஏறினால் அந்தச் சாவியை உடனே அழித்தும் விடுவார்கள்.

சரி, 60 நொடி முடிந்த அந்தக் கணத்தில் 500 பேர் கேட்டால்? 500 பேருக்கும் கேஷில் ஒன்றும் கிடைக்காது, அத்தனை கேள்வியும் மொத்தமாகத் தரவுதளத்தின் தலையில் விழும். ஃபேஸ்புக் இதற்கு, முதலில் வந்தவருக்கு மட்டும் போய்த் தேட டோக்கன் கொடுத்து, மற்றவர்களைக் கொஞ்சம் பொறுத்துவந்து கேட்கச் சொன்னது. இந்த மாதிரி முட்டிமோதும் சாவிகளில் தரவுதளத்தின் உச்சச் சுமை நொடிக்கு 17,000 கேள்வியிலிருந்து 1,300 ஆக இறங்கியதாக அவர்களுடைய 2013 ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. நம் பையன்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒருவர் போய்ப் புதுப் பதில் கொண்டுவரும் வரை மற்றவர்களுக்குப் பழைய பட்டியலையே காட்டிக்கொண்டிருக்கலாம். 'குளிக்கத் தடை' என்ற ஒற்றை வரியை மட்டும் கேஷில் வைக்காமல் ஒவ்வொரு தடவையும் தரவுதளத்திலேயே கேட்பேன் நான். ஒரே ஒரு வரிதானே, அதை எடுப்பது அதற்குப் பாரமே இல்லை.