கொதிக்க வைத்தாலும் போகாது

போன மாதம் ஒரு விவசாயி கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி ஆய்வகத்துக்கு வந்தார். கொண்டுவந்தது பூச்சிமருந்து பாட்டிலில். "மூணு தடவை கழுவிட்டேன் சார்" என்றார். முப்பது தடவை கழுவியிருந்தாலும் அதை நான் வாங்க மாட்டேன். புது பாட்டில் கொடுத்து அனுப்பி, மறுநாள் வந்த தண்ணீரைப் பார்த்தேன். உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட், லிட்டருக்கு 112 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 50. வீட்டில் நான்கு மாதக் குழந்தை, புட்டிப்பால். மனிதர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நாங்க நல்லா கொதிக்க வெச்சுத்தான் கலக்கறோம்."

இதை இந்த வருடம் எத்தனையாவது முறை கேட்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கொதிக்க வைத்தால் சாவது கிருமி. நைட்ரேட் கிருமி இல்லை, உப்பு மாதிரி கரைந்து கிடப்பது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு ஓடிவிடுமா? தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு அடியில் தங்கும். அதே கதைதான் இங்கேயும். ஒரு லிட்டரைக் கொதிக்கவிட்டு முக்கால் லிட்டராகச் சுண்டவைத்தால் 112 என்பது 149 ஆகிவிடும். குழந்தை மேல் அக்கறை கூடக்கூட, அதற்குப் போகும் நைட்ரேட்டும் கூடுகிறது. துணியில் வடிகட்டினாலும் போகாது. குளோரின் போட்டாலும், கரி வடிகட்டியில் விட்டாலும் போகாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், வாசனை இருக்காது, ருசியும் மாறாது. ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுக்கும், ஆனால் அதன் சவ்வு நல்ல நிலையில் இருந்தால்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு உதடும் நகமும் நீலம் பாய்வதை, 1945இலேயே அமெரிக்காவின் அயோவாவில் ஒரு மருத்துவர் நைட்ரேட் கலந்த பண்ணைக் கிணற்றுத் தண்ணீரோடு முடிச்சுப் போட்டு எழுதிவிட்டார். நாம் இன்னும் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருக்கிறோம்.

(இன்னொன்று. அறிக்கையில் 10 என்று இருந்தால் எந்த 10 என்று கேளுங்கள். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு எழுதும். அந்த 10, நைட்ரேட் கணக்கில் கிட்டத்தட்ட 44. இதைக் கவனிக்காமல் நிம்மதியாகப் போனவர்கள் உண்டு.)

சரி, குழந்தைக்குச் சோதித்த வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டேன். அப்புறம் அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். "நான் யூரியாவைக் குறைச்சா கிணறு சரியாயிடுமா?"

ஆகாது. அவர் ஒருவரால் மட்டும் ஆகாது. நைட்ரேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. பயிர் எடுத்தது போக மிச்சம், தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அவர் கிணற்றில் ஊறுவது மேட்டில் இருக்கும் நாலைந்து பேர் நிலத்திலிருந்தும் வருகிற தண்ணீர், அதுவும் பல வருடங்களுக்கு முன் இறங்கியதாக இருக்கலாம். அதைச் சொன்னதும், "அப்ப அவங்ககிட்ட யார் சார் சொல்றது?" என்றார்.

நல்ல கேள்வி. நீர்ப் பாதுகாப்புக் கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். பொறியாளர், அதிகாரி, என்னைப் போல் எண்களோடு வருகிறவர், எல்லோரும் இருப்போம். விவசாயி மட்டும் கடைசி நாளில் வருவார், கையெழுத்துப் போட. ஒருமுறை அறுவடை வாரத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "இவர்களுக்கு அக்கறையே இல்லை" என்று குறிப்பெழுதினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நியூயார்க் நகரமும் இப்படித்தான் ஆரம்பித்தது. அதன் குடிநீரில் பெரும்பங்கு கேட்ஸ்கில், டெலாவேர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து வருகிறது. அங்கே நிறையப் பால்பண்ணைகள். 1990இல் நகரம் கட்டுப்பாடுகளை எழுதி நீட்டியதும் பண்ணைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம்தான் இரு தரப்பும் உட்கார்ந்து பேசினார்கள். 1993இல் விவசாயிகளே முன்னின்று நடத்தும் அமைப்பு உருவானது. ஒவ்வொரு பண்ணைக்கும் தனித் திட்டம்: கன்றுக் கொட்டகையை ஓடையிலிருந்து தள்ளி வைப்பது, எருவைச் சேமிக்க இடம் கட்டுவது, ஓடைக்கு வேலி. செலவு நகரத்தினுடையது. சேர்வது அவரவர் விருப்பம், ஆனால் 5 வருடத்துக்குள் 85 சதவீதப் பண்ணைகள் சேர வேண்டும். அதற்கு மேலேயே சேர்ந்தார்கள். அந்தத் தண்ணீருக்குப் பல நூறு கோடி டாலரில் வடிகட்டு நிலையம் கட்டாமல் நகரம் தப்பித்தது.

எதற்கெடுத்தாலும் விவசாயி மேல் பழி போடுகிறவர்களுக்கு ஒன்று. 2000ஆம் ஆண்டு கனடாவின் வாக்கர்டனில் பெருமழையில் மாட்டெருவிலிருந்த ஈ.கோலை என்ற கிருமி ஊர்க் கிணற்றில் இறங்கி 7 பேர் இறந்தார்கள், 2300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். விசாரணையில், எருப் போட்ட விவசாயி முறைப்படிதான் செய்திருக்கிறார், தவறு அவருடையதல்ல என்றே சொன்னார்கள். கிணறு ஆழமில்லாதது, குளோரினை ஒழுங்காகக் கவனிக்கவில்லை. (கொதிக்க வைப்பது உதவுவது இந்த மாதிரி சமயத்தில்தான்.)

கூட்டம் போடுகிறவர்களே, முதல் நாளே கூப்பிடுங்கள், அவர்கள் வேலை முடிந்த நேரத்தில். மாதிரி எடுத்துப் போனால் முடிவைத் திருப்பிக் கொடுங்கள். அதை வைத்து அபராதம் போட்டீர்கள் என்றால் அடுத்த முறை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

விவசாயிகளே, உங்களையும் விடுவதாக இல்லை. கிணற்றடியில் மருந்து கலக்காதீர்கள். ஓஸ் முனையை மருந்துத் தொட்டிக்குள் முக்கி வைக்காதீர்கள், மோட்டார் நின்றால் மருந்து கிணற்றுக்கே திரும்பும். பெருமழை வரப்போகிறது என்று தெரிந்தும் உரம் வீசினால் அது காசை ஓடையில் வீசுவது. யூரியாவை ஒரே மூச்சில் போடாமல் பிரித்துப் போடுங்கள். ஓடையோரம் கொஞ்சம் புல்லை விட்டுவையுங்கள், மண்ணோடு போகும் பாஸ்பரஸ் அங்கே நிற்கும். வருடம் ஒருமுறையாவது சோதியுங்கள். முடிந்தால் பக்கத்துக் காட்டுக்காரரையும் சேர்த்து, ஒரே வாரத்தில். நாலு கிணற்று எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் விளக்கவே வேண்டியதில்லை.

அவர் போகும்போது ஏழு புது பாட்டில் கேட்டு வாங்கிப் போனார். இதுவரை மூன்று வந்திருக்கின்றன. அதில் ஒன்று, அவரோடு ஆறு வருடமாக வரப்புத் தகராறில் பேசாமல் இருந்தவருடையது.