அடுத்தவர் வலியை மூச்சோடு இழுத்தால் என்ன ஆகும்?

சிக்கிமுக்குச் சுற்றுலா போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். காங்டாக்கில் சாகா தாவா என்ற திபெத்திய பௌத்த விழாவின் ஊர்வலம் பார்த்தாராம். புனித ஏடுகளைச் சுமந்தபடி துறவிகள் தெருவில் வந்தார்களாம். அன்று மாலை, தங்கியிருந்த வீட்டுப் பாட்டி அவருக்கு ‘டோங்லென்’ தியானத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூச்சை இழுக்கும்போது பிறர் துயரம் கரும்புகையாக உள்ளே வருவதாக நினைக்க வேண்டும். விடும்போது நம்மிடம் உள்ள நிம்மதி வெளிச்சமாக அவர்களுக்குப் போவதாக நினைக்க வேண்டும். வாசகி செவிலியர். “நாள் முழுக்க நோயாளிகளின் வேதனையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அதை உட்கார்ந்து வேறு இழுத்தால் பைத்தியம் பிடிக்காதா?”

நியாயமான கேள்வி.

சாகா தாவா திபெத்திய நாட்காட்டியின் நான்காம் மாதம். பெரும்பாலும் மே, ஜூனில் வரும். புத்தர் ஞானம் பெற்றதையும் பரிநிர்வாணம் அடைந்ததையும் அதன் பௌர்ணமியில் கொண்டாடுகிறார்கள். பிறப்பையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. நம் வைகாசி விசாகத்தின் அதே விசாகம்தான் இந்தச் சாகாவும். பலர் இறைச்சியைத் தவிர்ப்பார்கள், தானம் செய்வார்கள், வெட்டுக்குப் போகும் ஆடு மாடுகளை விலை கொடுத்து மீட்பார்கள். இந்த மாதத்தில் செய்யும் புண்ணியம் லட்சம் மடங்காகும் என்பது நம்பிக்கை. இந்தக் கணக்கில் எனக்குத் துளியும் ஈடுபாடில்லை. ஆனால் தியானத்தின் கதை வேறு.

2004-இல் நரம்பியல் விஞ்ஞானி டானியா சிங்கர் குழுவினர் 16 ஜோடிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் பெண். துணைவரின் கையில் சுரீரென்று ஒரு மின்னதிர்ச்சி. அதிர்ச்சி அவருக்குத்தான் என்று தெரிந்ததுமே பெண்ணின் மூளையில் முன்புற இன்சுலாவும் சிங்குலேட் பகுதியும் விழித்துக்கொண்டன. தன் வலிக்கு விழிக்கும் அதே பகுதிகள். உடம்பில் எங்கே வலிக்கிறது என்று பதிவுசெய்யும் பகுதி மட்டும் சும்மா இருந்தது. அதாவது ஒத்துணர்வில் நாம் கடன் வாங்குவது வலியின் வேதனையை மட்டும்தான்.

அப்புறம்தான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். 2007-இல் பௌத்தத் துறவி மத்தியூ ரிக்கார் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வகத்தில் கருவிக்குள் படுத்தார். கருணைத் தியானம் செய்யச் சொன்னார்கள். செய்தார். எதிர்பார்த்த வலி வலையமைப்பு, அதாவது இன்சுலாவும் சிங்குலேட்டும் சேர்ந்த அந்தப் பகுதிகள், விழிக்கவே இல்லை! என்ன செய்கிறீர்கள் என்று சிங்கர் கேட்க, துயரப்படுவோர் மீது அன்பு செலுத்துகிறேன் என்றார். சரி, அன்பு வேண்டாம், அவர்கள் வலியை மட்டும் உணருங்கள் என்றார்கள். ருமேனியக் காப்பகம் ஒன்றில் வாடிய குழந்தைகளைப் பற்றிய ஆவணப்படத்தை அவர் அப்போதுதான் பார்த்திருந்தார். அந்தக் குழந்தைகளை நினைத்தார். இப்போது வலி வலையமைப்பு பளிச்சென்று விழித்தது. கொஞ்ச நேரத்தில் ஆள் துவண்டுபோனார். திரும்பக் கருணைக்கு மாறச் சொன்னதும்தான் அவருக்கு உயிர் வந்தது.

ஒரே துறவி, ஒரே குழந்தைகள், இரண்டு வேறு மூளை நிலைகள்.

ஒரு துறவியோடு முடிந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஓல்கா கிளிமெக்கி, சிங்கர் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சாதாரண ஆட்களுக்கு முதலில் ஒத்துணர்வுப் பயிற்சி, பிறகு கருணைப் பயிற்சி கொடுத்தார்கள். துயரக் காட்சிகளைக் காட்டியபோது முதல் பயிற்சிக்குப் பின் மனவேதனை கூடியது, இன்சுலா விழித்தது. இரண்டாவதுக்குப் பின் கூடிய வேதனை இறங்கியது. பரிசு கிடைக்கும்போது விழிக்கும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம், கண்ணுக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி ஆகியவை இயங்கின. தாய் தன் குழந்தையின் படத்தைப் பார்க்கும்போதும் இந்தப் பரிசுச் சுற்றுகள் விழிப்பதை வேறொரு ஆய்வு காட்டியிருக்கிறது. திபெத்தியர்களோ, எல்லா உயிரும் முற்பிறவியில் உன் தாயாக இருந்ததாக நினைத்துக்கொள் என்றுதான் கருணைப் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். முற்பிறவியை நம்பாத எனக்கும், மூளையின் எந்தக் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது வியப்பாகவே இருக்கிறது.

2005-இல் அமெரிக்க நரம்பியல் மாநாட்டில் தலாய் லாமா பேசக்கூடாது என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள். தியான ஆய்வுகள் மீது அவர்களுக்கு இருந்த சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் சிறிய ஆய்வுகளே அதிகம். அதற்காகக் கதவைச் சாத்துவதும் தவறு. திபெத்திய மடங்கள் பைலகுப்பேயில், நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கின்றன. தியானம் நல்லது என்று விளம்பரம் செய்யும் அரசுப் பணத்தில் ஒரு பங்கையாவது பெரிய, கறாரான ஒப்பீட்டு ஆய்வுகளுக்குத் தரலாம்.

இனி வாசகிக்கு. கிளிமெக்கி ஆய்வில் கற்பித்தது டோங்லென் அல்ல, அன்பை வளர்க்கும் மைத்ரி வகைத் தியானம். ஆனாலும் உங்களைக் களைப்படையச் செய்வது இழுப்போடு நின்றுவிடுவதாகத்தான் இருக்கும் என்று அந்த முடிவுகளைப் பார்த்தால் தோன்றுகிறது. புகை உள்ளே வந்த பிறகு வெளிச்சம் வெளியே போகிறதா என்று கவனியுங்கள். நோயாளியிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் செகாவா தொகுத்த மனப்பயிற்சி நூல், டோங்லெனை முதலில் உன்னிடமிருந்தே தொடங்கு என்கிறது. இரவுப் பணி முடிந்த கால்வலியையே முதல் மூச்சுக்கு எடுத்துக்கொள்ளலாம்.