உப்புக் கரைசலில் சிட்ரேட் எதற்கு?

வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் பொடி, ஓ.ஆர்.எஸ். மருந்துக் கடையில் கிடைக்கும் அதன் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், உலக சுகாதார நிறுவனம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு வகுத்த நான்கு பொருட்கள் இருக்கும்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். உப்பும் சர்க்கரையும் ஏன் என்பது பலருக்கும் தெரியும். சிட்ரேட் எதற்கு என்று கேட்பவர் குறைவு. அதற்கான விடை நோயாளியின் மூச்சில் இருக்கிறது.

காலராவால் கடுமையாகத் துவண்ட ஒருவரின் அருகில் அமர்ந்து கவனித்தால், கண்கள் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மடிந்தபடியே சற்று நேரம் நிற்பது தெரியும். இவை நீரிழப்பின் அடையாளங்கள். ஆனால் நுரையீரலில் எந்த நோயும் இல்லாமலே அவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவதற்கு நீர்க்குறைவு மட்டும் காரணமன்று. அவருடைய இரத்தம் அமிலத்தன்மை அடைந்து வருகிறது.

அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் அளவு பி.எச். நம் இரத்தத்தில் அது 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த அளவுகோலில் சிறு சரிவும் பெரிய மாற்றம்: 7.4 என்பது 7.1 ஆகும்போது, அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இரு மடங்காகிவிடுகிறது. உடல் இயங்கும்போதெல்லாம் அமிலம் உருவாகிக்கொண்டே இருப்பதால், அதைத் தாங்கிக்கொள்ள இரத்தத்தில் பைகார்பனேட் என்னும் காரப்பொருள் உள்ளது. அது அமிலத்தோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, பிறகு நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. அந்த வாயுவை நுரையீரல் வெளியேற்றிவிடுகிறது. செலவான பைகார்பனேட்டை மீண்டும் உருவாக்கி, எஞ்சிய அமிலத்தைச் சிறுநீரில் கழிப்பது சிறுநீரகத்தின் பொறுப்பு. மூச்சு சில நிமிடங்களில் ஈடுகொடுக்கும். சிறுநீரகத்துக்கோ மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நேரம் வேண்டும்.

காலரா உடலின் நீர்க் கணக்கையும் இந்த அமிலக் கணக்கையும் ஒருசேரக் குலைக்கிறது. கிருமியின் நச்சு, குடல் சுவரின் செல்களிலிருந்து குளோரைடை வெளியேறச் செய்ய, சோடியமும் நீரும் அதைப் பின்தொடர்கின்றன. கூடவே பைகார்பனேட்டும் ஏராளமாக வெளியேறிவிடுகிறது. இரத்தத்தின் கன அளவு குறைந்ததும் மூளை வாசோபிரசின் என்னும் ஹார்மோனையும், அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டீரோனையும் சுரந்து, சிறுநீரகத்தை நீரையும் உப்பையும் பிடித்துவைக்கச் சொல்கின்றன. சிறுநீர் ஏறக்குறைய நின்றே போகிறது. இங்கேதான் எனக்கு மிகவும் கவலை தரும் முடிச்சு இருக்கிறது: நீரைக் காப்பாற்றும் அதே நேரத்தில், போதிய இரத்த ஓட்டம் இல்லாத சிறுநீரகம் அமிலத்தைக் கழிக்கவும் இயலாமல் போகிறது. எஞ்சியிருப்பது மூச்சு ஒன்றுதான்.

இழந்த உப்புநீரை இரத்தக் குழாய்க்குள்ளேயே செலுத்தலாம் என்பதை 1832-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா செய்து காட்டினார். வாய்வழியாகவே ஈடுசெய்யும் வழி, குடலில் சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே உள்ளே செல்கின்றன என்பது 1960-களில் தெளிவான பிறகுதான் திறந்தது. காலரா நச்சு இந்த இணைவழியைக் கெடுப்பதில்லை. 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பங்கானின் அகதி முகாமில் நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் செய்து, எண்ணற்ற உயிர்களைக் காத்தார்.

தொடக்க காலக் கலவைகளில் சமையல் சோடாவாகிய சோடியம் பைகார்பனேட்டே சேர்க்கப்பட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் அந்தப் பொடி நாளடைவில் கெட்டுவிட்டதால், அதற்குப் பதிலாகச் சிட்ரேட் வந்தது. உடல், சிட்ரேட்டை எரித்து முடிக்கும்போது பைகார்பனேட் கிடைக்கிறது. இழந்த காரம் இப்படித் திரும்பி வருகிறது.

மயங்கிக் கிடப்பவருக்கும் குடிக்க இயலாதவருக்கும் இந்தக் கரைசல் போதாது. நரம்புவழித் திரவம் உடனே ஏற்றப்பட வேண்டும். குடிக்க முடிந்தவருக்கோ, கரைசல் சிறிது சிறிதாக உள்ளே போகப் போக நாடி தேறி, பெருமூச்சு மெல்லத் தணியும். பல மணி நேரத்துக்குப் பின் அவர் சிறுநீர் கழிக்கும்போது, சிறுநீரகம் தன் வேலைக்குத் திரும்பிவிட்டது என்று மருத்துவர் அறிந்துகொள்கிறார்.