ஸ்டேஜ் 4 எண்டா முடிஞ்சுதா? வாய், தொண்டை கான்சரில டொக்டர்மார் என்னத்தை வைச்சுக் கணிக்கினம்

வாய், தொண்டை கான்சர் ரிப்போர்ட்டில ஸ்டேஜ் 4 எண்டு கண்டவுடனே கனபேர் இனி ஒண்டும் செய்யேலாது எண்டு வீட்டில முடிவெடுத்திடுறாங்கள், நேர்த்தி, நாட்டு மருந்து எண்டு ஓடித்திரிஞ்சு மாசங்கள் போயிடும், பிறகுதான் மகரகமை கான்சர் ஆஸ்பத்திரிக்கு 138 பஸ் ஏறுறது. இதை நினைச்சா எனக்கு உண்மையிலேயே கவலை. ஏனெண்டா இந்தக் கான்சரில ஸ்டேஜ் 4 எண்டுறது ஒரே நிலை இல்லை, 4ஏ, 4பி, 4சி எண்டு பிரிச்சிருக்கு. நுரையீரல், எலும்பு எண்டு தூரத்துக்குப் பரவினது 4சி மட்டுந்தான். 4ஏ எண்டா கட்டி பக்கத்தில தாடை எலும்புக்கு இறங்கியிருக்கும், இல்லாட்டி கழுத்து நெறிக்கட்டிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். அப்பிடியான ஆளுக்குச் சுகப்படுத்துற நோக்கத்தோடதான் வைத்தியம் தொடங்கிறது.

எங்கட நாட்டில ஆம்பிளையளுக்கு வாற கான்சரில முதலாவது வாய்க் கான்சர்தான். வெத்திலை, பாக்கு, புகையிலை. நாக்கில ஒரு புண் எவ்வளவு அகலம் எண்டு வெளியில பாத்துச் சொல்லலாம், ஆனா ஆபத்து எவ்வளவு எண்டு இன்னும் நல்லாச் சொல்லுறது அது உள்ளுக்கு எவ்வளவு ஆழம் போயிருக்கு எண்டதுதான். 2018ல இருந்து நடைமுறையில இருக்கிற ஸ்டேஜிங் முறையில இந்த ஆழத்தையும் சேத்திட்டினம், 5 மில்லிமீட்டர் தாண்டினா ஒரு படி, 10 தாண்டினா அடுத்த படி. ஒப்பரேஷனுக்குப் பிறகு வாற ரிப்போர்ட்டில இன்னும் ரெண்டு விஷயம் தேடுவினம்: வெட்டின ஓரத்தில கான்சர் கலம் மிச்சம் இருக்கா, நெறிக்கட்டியின்ர உறையை உடைச்சு வெளியில வந்திட்டுதா. 2004ல ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் வந்த ரெண்டு பெரிய ஆய்வையும் சேத்துப் பாத்தா, ரேடியேஷனோட சிஸ்பிளாட்டின் எண்ட கீமோ மருந்தையும் சேத்துக் குடுத்ததால நல்ல பலன் கிடைச்சது முக்கியமா இந்த ரெண்டில ஒண்டு இருந்த ஆக்களுக்குத்தான்.

இங்க ஒரு விஷயத்தை வடிவா விளங்கிக்கொள்ளோணும். வருத்தம் எப்பிடிப் போகும் எண்டுறது ஒரு கேள்வி, இந்த மருந்து இந்த ஆளுக்கு வேலை செய்யுமா எண்டுறது வேற கேள்வி. ஒரே டெஸ்ட் ரெண்டுக்கும் பதில் சொல்லும் எண்டு நினைக்கக் கூடாது. இதுக்கு நல்ல உதாரணம் எச்பிவி வைரஸால தொண்டையில, டான்சில் பக்கம் வாற கான்சர். வைரஸ் தன்ர புரதத்தால பி53 எண்ட காவல் புரதத்தை அழிச்சுக்கொண்டிருக்கும், ஆனா பி53ஐ உருவாக்கிற மரபணு கெடாமல் இருக்கும், புகையிலையால வாற கான்சரில அந்த மரபணுவே கனக்க உடைஞ்சு போயிருக்கும். அதால வைரஸ் கான்சர் ரேடியேஷனுக்குச் சுகமா மடங்கும். 2010ல வந்த அமெரிக்க ஆய்வில 3 வருஷம் கழிச்சு உயிரோட இருந்த ஆக்கள், எச்பிவி இருந்தவையில 82 வீதம், இல்லாதவையில 57 வீதம். அதிலயும், நாளுக்கு 20 சிகரெட் எண்டு 10 வருஷத்துக்கு மேல பத்தினவைக்கு அந்த நன்மை குறைஞ்சிட்டுது. இந்த வித்தியாசம் பெரிசெண்டபடியால, முந்தி 4ஏ எண்டு எழுதின கன ஆக்களை, கட்டி பெரிசில்லாமல், கழுத்தில ஒரே பக்கம் மட்டும் நெறிக்கட்டி எண்டா, இப்ப ஸ்டேஜ் 1 எண்டு எழுதினம்.

சரி, இவ்வளவு நல்லா மாறுது எண்டா மருந்தைக் குறைப்பமே எண்டு யோசிச்சு, சிஸ்பிளாட்டினுக்குப் பதிலா செட்டுக்சிமாப் எண்ட வேற மருந்தைக் குடுத்து ரெண்டு ஆய்வு செய்து பாத்தினம். 2018 கடைசியில முடிவு வந்தது, செட்டுக்சிமாப் எடுத்தவையில இறந்தவை கூட. வருத்தம் நல்லாப் போகும் எண்டு சொன்ன அதே டெஸ்ட், மருந்தைக் குறைக்கலாம் எண்டு சொல்லேல்லை. இன்னொண்டு, இந்தக் கணக்கெல்லாம் தொண்டைக்கு. வெத்திலையால நாக்கில, கன்னத்தில வந்த கான்சருக்கு இன்டர்நெட்டில பாத்த 82 வீதத்தைப் பொருத்திப் பாக்காதேங்கோ, பொருந்தாது.

திரும்பி வந்த, பரவின கான்சருக்கு இப்ப பெம்ப்ரோலிசுமாப் மாதிரி எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்புற மருந்து இருக்கு. அதுக்கு முதல் பயொப்சித் துண்டில பிடி-எல்1 எண்ட புரதத்தை அளந்து சிபிஎஸ் எண்ட புள்ளி போடுவினம். 2019ல வந்த ஆய்வில புள்ளி 20 அல்லது அதுக்கு மேல இருந்தவையில, அரைவாசிப் பேர் உயிரோட தாண்டின காலம் 14.9 மாசம், பழைய மருந்துகளில 10.7. புள்ளி கூட இருந்தும் மருந்துக்கு அசையாத கட்டியளும் இருக்கு, ஒரே கட்டியில ரெண்டு இடத்தில எடுத்தா வேற வேற புள்ளியும் வரலாம். விலையும் சாதாரண குடும்பம் தாங்கிற விலை இல்லை, அதால அந்தப் புள்ளியைக் கேட்டு வாங்காமல் வீட்டை அடகு வைக்கப் போகாதேங்கோ.

எந்த மரபணு டெஸ்டும் இல்லாமல் பலனைத் தீர்மானிக்கிற ஒண்டு நாள்க் கணக்கு. வழமையான ரேடியேஷன் மொத்தம் 70 கிரே (கிரே எண்டா கதிரை அளக்கிற அலகு), 35 தடவை, 7 கிழமை. 4ம் கிழமை அளவில மிஞ்சியிருக்கிற கான்சர் கலங்கள் முந்தினதை விட வேகமாப் பெருகத் தொடங்கும், அதால மொத்தக் காலம் ஒரு நாள் நீண்டாலும் கட்டி அடங்கிற சாத்தியம் சராசரியா 1.4 வீதம் குறையுது. அந்த நேரத்திலதான் வாய் முழுக்கப் புண்ணாகி, தண்ணி கூட விழுங்கேலாமல் ஆள் இனி வரமாட்டன் எண்டு சொல்லும். அப்ப குழாய் போட்டாவது சாப்பாடு குடுத்து, நோ மருந்து கேட்டு வாங்கிக் கூட்டிக்கொண்டு போங்கோ. சிகரெட், வெத்திலையை அந்த 7 கிழமையும் கிட்ட எடுக்க விடாதேங்கோ, ரேடியேஷன் நேரம் பத்தினா பலன் குறையும். போயா லீவு, காய்ச்சல், மிஷின் பழுது எண்டு ஒரு நாள் விட்டுப்போனா, அதை எப்பிடி ஈடு செய்யிறது எண்டு டொக்டரிட்டக் கட்டாயம் கேளுங்கோ. சனிக்கிழமை ஒண்டு கூடக் குடுக்கலாம், இல்லாட்டி குறைஞ்சது 6 மணித்தியால இடைவெளி விட்டு ஒரே நாளில ரெண்டு தரம் குடுக்கலாம்.