பளபளக்கிற பவளத்துக்கு என்ன கோளாறு?

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். அவர் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் இருக்கும் ஒரே அக்ரோபோரா (கிளை கிளையாக வளரும் ஒரு கல் பவள வகை), மூன்று வார இடைவெளியில் எடுத்தது. முதல் படத்தில் சுக்குக் காப்பி நிறம். இரண்டாவதில் கண்ணைப் பறிக்கும் இளநீலம், கிளை நுனிகளில் ரோஜா நிறம். "வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள் சார். ஆனால் பாலிப்கள் வெளியே தலை நீட்டுவதே இல்லை. ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டிருந்தார். பாலிப் என்பது வாயும் உணர்கொம்புகளும் கொண்ட குட்டி உயிர்; அவை கூட்டமாகச் சேர்ந்ததே பவளம்.

பிரச்சினைதான். பாலிப் மட்டுமல்ல, அந்த நீலமும்.

(இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவேதான்.)

பவளம் ஒரு விலங்கு, அதன் சதைக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசி குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சோறு போடுகிறது என்பது தெரிந்த கதை. அந்தக் காப்பி நிறம் பாசியுடையது. வெப்பமோ வெளிச்சமோ அளவு மீறினால் பாசியின் ஒளிச்சேர்க்கை எந்திரம் பழுதாகி, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் வகைகளைக் கக்கத் தொடங்கும். சோறு போட்டவனே விஷம் வைக்கிறான் என்றானதும் பவளம் அவனை வெளியேற்றுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான்.

சரி, வெளுத்தால் வெள்ளையாகத்தானே ஆக வேண்டும்? நீலம் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பவளத்தின் சதை கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியது. அதற்கு அடியில் இருக்கும் எலும்புக்கூடு வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்பு. சுண்ணாம்பு அடித்த அறைக்குள் டார்ச் அடித்தால் என்ன ஆகும்? ஒளி சுவருக்குச் சுவர் மோதி அறை முழுக்க நிறையும். பவளத்துக்குள்ளும் அதேதான். சாதாரண நாட்களில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில் பாசி அடைந்து கிடந்து, வருகிற ஒளியைக் குடித்துவிடுகிறது. அதில் பாதி வெளியேறிவிட்டால் குடிக்க ஆளில்லாத ஒளி, முக்கியமாக நீல ஒளி, எலும்பில் பட்டுத் தெறித்து, மிச்சமிருக்கும் பாசியை இன்னும் வாட்டும். அது வாட வாட இன்னும் கொஞ்சம் வெளியேறும். இப்படியே போனால் ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் உள்ளே பெருகுகிற அந்த நீல ஒளியே பவளத்தின் சில மரபணுக்களுக்கு ஆள் விட்ட மாதிரி. அவை நிறமிப் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் பவளம் நீலமும் ஊதாவும் ரோஜாவுமாகத் தன்மேல் ஒரு பந்தல் போட்டுக்கொள்கிறது. பந்தலின் நிழலில் பாசி மெல்லத் திரும்பி வந்து பெருகும். பழையபடி நீல ஒளியைக் குடிக்கும். உள்ளே ஒளி குறைந்ததும் நிறமித் தயாரிப்பும் தானாகவே அடங்கும். பந்தலைப் போட்டதும் ஒளிதான், பிரிக்கச் சொன்னதும் ஒளிதான். இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதை விளக்கினார்கள். தாக்குதல் லேசாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். கடும் வெப்பத்தில் பவளத்தின் செல்களே குலைந்துபோகும். நிறமி தயாரிக்கத் தெம்பு இருக்காது. அப்போது வெறும் வெள்ளைதான்.

அந்த ஆய்வின் சோதனைகள் தொட்டியில் வளர்த்த பவளங்களை வைத்து நடந்தவை. உயிரியல் ஆய்வகங்களில் இன்று அன்றாடம் புழங்கும் சிவப்பு ஒளிர்புரதத்தை 1999இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் எடுத்ததுகூட மீன்தொட்டியில் இருந்த பவளக் குடும்பத்து உயிரியிலிருந்துதான். தொட்டி ஆராய்ச்சி என்றாலே பொழுதுபோக்கு என்று நினைத்து நிதி விண்ணப்பத்தை ஓரங்கட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும்.

வாசகருக்கு வருவோம். முதலில் நீல எல்இடியை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். நீல விளக்கில் சாகக் கிடக்கும் பவளமும் மினுமினுக்கும். அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி. எலும்பின் மேல் வழவழப்பான தோல் இருக்கிறதா, பாலிப் குழிகளில் சின்னச் சின்ன வாய்கள் தெரிகின்றனவா? இருந்தால் உயிர் இருக்கிறது. அடியிலிருந்து தோல் உரிந்து, கோடு கிழித்த மாதிரி வெற்று எலும்பு தெரிந்தால் அது வெளுப்பே அல்ல, சதை இழப்பு. அதற்குத் தண்ணீரின் கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) அளவு ஒரே நாளில் எகிறி இறங்கியதா என்பதில் தொடங்கித் தேட வேண்டும். இவருடையதில் தோல் முழுசாக இருந்தது.

வெப்பநிலை 26 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கேஎச் 8. எல்லாம் சரி. நைட்ரேட் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு). பாஸ்பேட் சுத்தமாகப் பூஜ்யம். "பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மாதமாக பாஸ்பேட் நீக்கி போட்டு ஓட்டுகிறேன் சார், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றார். போதாததற்கு அதே வாரத்தில் புது எல்இடியும் மாட்டி முழு வேகத்தில் எரிய விட்டிருக்கிறார். தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்பது ரீஃப் தொட்டிக்காரர்களிடம் (வீட்டில் பவளம் வளர்ப்பவர்களிடம்) ஊறிப்போன மூடநம்பிக்கை. நைட்ரஜன் தாராளமாக இருந்து பாஸ்பேட் இல்லாமல் போனால், பாசி தன் செல் சவ்வில் பாஸ்பரஸ் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகக் கொழுப்பை வைத்து ஒப்பேற்றும். அப்படி ஒப்பேற்றிய பாசி, வழக்கமான வெளிச்சத்தைக்கூடத் தாங்காது. புது எல்இடியை எங்கே தாங்கப் போகிறது?

விளக்கைப் பாதியாகக் குறைத்து, பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிட்டு, மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போடச் சொன்னேன். பாஸ்பேட் 0.03 பிபிஎம் தொட்டால் போதும். அவசரப்பட்டு பாட்டில் மருந்து எதையும் ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

ஆறு வாரம் கழித்து மூன்றாவது படம் வந்தது. மறுபடியும் சுக்குக் காப்பி நிறம், கிளை முழுக்கப் பாலிப்கள் பூனை ரோமம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. முன்னைப் போல அழகாக இல்லை என்று அவர் மனைவிக்குத்தான் கொஞ்சம் வருத்தமாம்.