சொல் விளக்கம்: செராமிக் – சுடுமண், பீங்கான், சுட்டாங்கல்

தரை ஓட்டுக் கடைகளில் அன்றாடம் புழங்கும் ‘செராமிக்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தின் ‘கெராமோஸ்’ ஆகும். குயவர் கையாளும் களிமண், அதைச் சுட்டுச் செய்த பாண்டம், கூரை ஓடு ஆகிய மூன்றையும் கிரேக்கர் அந்த ஒரே சொல்லால் குறித்தனர். ஏதென்சு நகரின் குயவர் பகுதிக்குக் ‘கெராமெய்க்கோஸ்’ என்ற பெயரும் இதனையொட்டியே அமைந்தது.

தமிழோ மண்ணின் இரு நிலைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. சுடாதது பசுமண், சுட்டது சுடுமண். வஞ்சனையால் பொருள் சேர்த்துக் காப்பது ‘பசுமட் கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று’ என்கிறது திருக்குறள் (660). வெயிலில் எவ்வளவு உலர்ந்து இறுகியிருந்தாலும் சூளை காணாத பானையில் நீர் ஊற்றினால் அது ஊறிக் குழைந்து சரிந்துவிடும். உலர்வதும் சுடப்படுவதும் ஒன்றல்ல என்பதை அக்குறளின் உவமை துல்லியமாகப் பற்றியிருக்கிறது.

அந்த வேறுபாடு சூளைக்குள் படிப்படியாக நிகழ்கிறது. ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் மண்துகள்களுக்கிடையே எஞ்சிய ஈரம் ஆவியாகிறது. இதுவரை நடந்ததைத் தண்ணீர் தெளித்து மாற்றிவிடலாம். ஆனால் 450 முதல் 600 பாகைக்குள், கயோலினைட்டு போன்ற களிமண் கனிமங்களின் படிகக் கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிசனும் ஹைட்ரசனும் இணைந்தவை) பிரிந்து நீராவியாக வெளியேறுகின்றன. தூய கயோலினைட்டு இதனால் தன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை இழக்கிறது. அதன் பழைய கட்டமைப்பு குலைந்துவிடுவதால், பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது வனையத்தக்க களிமண்ணாக மாறாது. பசுமண் சுடுமண்ணாவது இந்த இடத்தில்தான்.

மண்ணோடு கலந்த மணலும் சூளையில் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள குவார்ட்சு 573 பாகையில் படிக வடிவம் மாறிச் சட்டென விரிகிறது. ஆறும்போது அதே வெப்பநிலையில் மீண்டும் சுருங்குகிறது. திடீரென ஆறினால் பானை கீறிவிடும் என்பதால்தான் எரிந்து முடிந்த சூளையை அவசரப்பட்டுப் பிரிப்பதில்லை. பிரித்த பின் பானையை விரலால் சுண்டிப் பார்க்கும்போது கணீரென்ற ஒலி வந்தால் அது நன்றாக வெந்திருக்கிறது; மந்தமான ஒலி வந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கக்கூடும்.

நிறம் காற்றைப் பொறுத்தது. காற்று தாராளமாகப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்றுக் குறைந்து புகை சூழ்ந்தால் கருக்கும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு–சிவப்புப் பானைகளில் இவ்விரண்டும் ஒரே கலத்தில் சேர்ந்திருக்கின்றன.

நாட்டுச் சூளையின் வெப்பத்தில் மண் முழுதும் உருகி இறுகுவதில்லை, நுண்துளைகள் எஞ்சுகின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வது அத்துளைகளின் வழியே கசிந்த நீர் ஆவியாவதால்தான். கயோலின் என்ற வெண்களிமண், ஃபெல்சுபார் என்ற பாறைக் கனிமம், குவார்ட்சு ஆகியவற்றைக் கலந்து 1,300 பாகை அளவுக்குச் சுட்டால், ஃபெல்சுபார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. இதுவே பீங்கான். கிண்ணத்தைக் குறிக்கும் ‘பிங்கான்’ என்ற பாரசீகச் சொல் தமிழில் இவ்வாறு நிலைத்தது. விருத்தாசலத்தின் செராமிக் தொழிலைப் பீங்கான் தொழில் என்றே மக்கள் சொல்வர்.

ஆகவே செராமிக் வரும் இடமெல்லாம் பீங்கான் என்று எழுதுவது பொருந்தாது. பூந்தொட்டியும் செங்கல்லும் செராமிக் வகையே, ஆனால் அவை பீங்கான் அல்ல. சுடுமண் என்ற சொல் அவற்றுக்கு மிகப் பொருந்துகிறது. ஐயனார் கோயில் குதிரைகளையும் தொல்லியல் பொருள்களையும் அப்படியே குறிக்கலாம். ஆனால் வண்டி எஞ்சினின் தீப்பொறிச் செருகியில் (ஸ்பார்க் பிளக்) உள்ள வெண்ணிறக் காப்பு, களிமண்ணால் அன்றி அலுமினியம் ஆக்சைடுத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யப்படுவது. அதில் மண்ணே இல்லாதபோது சுடுமண் என்பது பிழையாகிவிடும். இத்தகைய பொறியியல் பொருள்களையும் அடக்கும் பொதுப்பெயராகச் சிலர் ஆளும் ‘சுட்டாங்கல்’ என்பதையே நான் தேர்வேன்: மண்ணை வற்புறுத்தாமல், சுட்டதால் கல்லின் தன்மை பெற்றது என்ற செய்தியை மட்டும் அது தாங்கி நிற்கிறது.