பாரல்ஹவுஸ்: சொல் விளக்கம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை ஆல்பங்களைப் பற்றிப் படிக்கும்போது 'பாரல்ஹவுஸ் பியானோ' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படும். 'பீப்பாய் வீடு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது.

பாரல் என்றால் பீப்பாய், சரி. ஹவுஸ் இங்கே குடியிருக்கும் இடம் இல்லை, குடிக்கும் இடம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில், பீப்பாயிலிருந்தே விஸ்கியைப் பிடித்துக் கொடுத்த மலிவான சாராயக்கடைக்கு இந்தப் பெயர் வந்தது. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி பைன் காடுகளில் மரம் வெட்டுகிறவர்களும் டர்பன்டைன் எண்ணெய்க்காகப் பைன் மரப் பிசின் இறக்குகிறவர்களும் தங்கிய முகாம்களில் இத்தகைய கொட்டகைகள் இருந்தன. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சம்பள இரவில் குடி, சூதாட்டம், ஆட்டம் எல்லாம் உண்டு. ஓரத்தில் ஒரு பழைய பியானோ. அதை வாசிப்பவர் ரயிலேறி முகாம் முகாமாகப் போய்க்கொண்டிருப்பார்.

இடத்தின் பெயர் அப்புறம் இசைக்கும் ஒட்டிக்கொண்டது. காரணம், அந்த வாசிப்பை உருவாக்கியதே அந்த இடம்தான். அத்தனை கூச்சலிலும் கேட்க வேண்டும், கால்கள் ஆட வேண்டும், கூடவோ டிரம் கிடையாது. ஆகவே இடது கை விடாமல் தாளம் கட்டும்; வலது கை மேல்சுரங்களில் துள்ளும், உருட்டும், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும். பூகி-வூகி என்ற பியானோ பாணி இதன் நெருங்கிய உறவு. அதில் இடது கை ஒரு தாளவட்டத்துக்கு எட்டு அடி என்று சீராக ஓடும். பாரல்ஹவுஸ் அதைவிடப் பரந்த பெயர்.

கேட்டுப் பார்க்க 'கிராஃபிஷ் ஃபியஸ்டா' ஆல்பத்தைச் சொல்வேன். புரொஃபசர் லாங்ஹேர் என்று பெயர் பெற்ற பியானோ கலைஞர் ராய் பேர்ட் 1979 நவம்பரில் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்தது; 1980இல் வெளிவந்தது. அவர் பிறந்த பொகலூசா, மரம் அறுக்கும் ஆலையைச் சுற்றி எழுந்த ஊர். வளர்ந்தது நியூ ஆர்லியன்ஸ். டட்ஸ் வாஷிங்டன் போன்ற பாரல்ஹவுஸ் கலைஞர்களிடம் கற்றதோடு கியூபாவின் ரும்பா தாளத்தையும் இடது கையில் ஏற்றிக்கொண்டார். வாசிக்கும்போது பியானோவின் அடிப்பலகையைக் காலால் உதைப்பார். அதுவும் ஒரு தாளக்கருவிதான். ஆல்பத்தில் காங்கா முழவும் ஊதுகருவிகளும் சேர, நியூ ஆர்லியன்ஸ் இசைக்கலைஞர் டாக்டர் ஜான் கிட்டார் வாசிக்கிறார். கிராஃபிஷ் என்பது சிறிய சிங்கிறால் போன்ற நன்னீர் உயிரி. லூசியானாவில் அதைப் பெரிய அண்டாவில் காரமாக வேகவைத்து, நீள மேசையில் கொட்டி, எல்லோரும் சுற்றி நின்று உரித்துச் சாப்பிடுவார்கள். ஆல்பத்தின் தலைப்பே அந்த விருந்துதான். 1980 ஜனவரி 30 அன்று அவர் இறந்துவிட்டார். அந்த வாசிப்பில் ஓர் இடத்தில்கூடத் தளர்ச்சி தெரியாது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'பீப்பாய்க்கடை' பொருத்தமாகத் தோன்றும். ஆனால் கள்ளுக்கடையில் கள் விற்பதுபோல, பீப்பாய் விற்கும் கடை என்றுதான் நம் காதில் விழும். பீப்பாய்கூடப் போர்த்துகீசியரின் 'பீப்பா'விலிருந்து நமக்கு வந்த சொல். இடத்தைக் குறிக்க 'சாராயக் கொட்டகை' போதும். வாசிப்பு முறைக்குக் 'கொட்டகைப் பியானோ' என்பதே என் தேர்வு. நாடகக் கொட்டகை, சினிமாக் கொட்டகை என்று கூட்டமும் கொண்டாட்டமும் ஏற்கெனவே அந்தச் சொல்லில் இருக்கின்றன. கட்டுரையில் முதல் தடவை 'பாரல்ஹவுஸ் எனும் கொட்டகைப் பியானோ' என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் இடங்களில் தமிழ்ச் சொல்லை மட்டும் பயன்படுத்தலாம்.